ஆக்டோபஸுக்குக் குடும்பம் கட்டாதீர்கள்

மழலையர் வகுப்புக்குப் புதிதாக வந்த ஆசிரியை சென்ற வாரம் பழைய காலுறைகளில் மூன்று ஆக்டோபஸ் பொம்மைகள் தைத்துக்கொண்டிருந்தார். பெரியது அப்பா, அடுத்தது அம்மா, குட்டி பாப்பா. எனக்குப் பகீரென்றது. அதே மூன்றை ஒரு காலத்தில் நானும் தைத்தவள்.

கைகளை எண்ணுவதில் வரும் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவற்றைப் பிள்ளைகளே திருத்திவிடுவார்கள். ஆக்டோபஸ் பாடத்தில் நாம் செய்யும் மற்ற பிழைகள் இவை.

குடும்பமாகக் காட்டுவது

ஆக்டோபஸ் பெரும்பாலும் தனிக்கட்டை. பாறை இடுக்கில் ஒண்டிக்கொள்ளும். நண்டைத் தின்றுவிட்டு அதன் ஓடுகளை வாசலிலேயே போட்டுவைக்கும். இணைசேர்ந்த பிறகு ஆண் அதிக நாள் வாழாது. பெண் முட்டைகளை ஒட்டிவைத்து, இரை தேடவும் போகாமல், அவற்றின்மேல் நீரைப் பீய்ச்சியபடி காவல் இருக்கும். குஞ்சு பொரிக்கும் தறுவாயில் அதன் உயிரும் போய்விடும்.

நானோ அம்மா பாப்பாவுக்கு ஊட்டிவிடுவதாக நாடகம் போட்டேன். சில மாதங்கள் கழித்து ஒரு சிறுமி, "அம்மா செத்துவிடுமாமே, டீச்சர்?" என்று வந்து நின்றாள். "இல்லை, தூங்கிவிடும்" என்று சமாளித்தேன். அன்று மதியம் அவள் பாயில் படுக்கவே மறுத்துவிட்டாள். அந்த ஆண்டு முழுவதும் நான் எதைச் சொன்னாலும், "நிஜமாகவா?" என்றுதான் கேட்டாள். நினைத்தால் இன்றும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

இப்போது நேராகவே சொல்கிறேன்: "முட்டை பொரிக்கும்வரை காவல் காக்கும். பிறகு இறந்துவிடும்." கொஞ்சம் அமைதி. பிறகு யாராவது கேட்பார்கள்: "அப்படியென்றால் பாப்பாவுக்கு யார் ஊட்டுவார்கள்?" யாரும் இல்லை, பிறந்த நாளிலிருந்தே அது தானே வேட்டையாடும். உண்மையான பாடம் அங்கேதான் சூடுபிடிக்கும்.

அப்பா பொம்மையைப் பிரித்து நண்டாகத் தைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்பது மூளை

ஆக்டோபஸுக்கு ஒன்பது மூளை என்பார்கள். உண்மையில் மூளை ஒன்றுதான். நரம்பணுக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எட்டுக் கைகளில் இருக்கின்றன. அதனால் வந்த கதை.

எல்லா ஆக்டோபஸும் சாது

நீல வளைய ஆக்டோபஸ் கடித்தால் ஆளே போய்விடலாம்.

எலும்பில்லை என்று வாயால் மட்டும் சொல்வது

ஒரு பலூனில் கோலிக்குண்டைப் போட்டு, கொஞ்சம் நீர் நிரப்பிக் கட்டுங்கள். பலூன் உங்கள் கையிலேயே இருக்கட்டும். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கி அதன் வழியே நுழைத்துக் காட்டுங்கள். வளையத்தைச் சுருக்கிக்கொண்டே போனால் நீர் வழுக்கி அந்தப் பக்கம் போய்விடும். கோலி மட்டும் மாட்டிக்கொள்ளும். அந்தக் கோலிதான் ஆக்டோபஸின் வாயில் இருக்கும் கடினமான அலகு. அது நுழைகிற ஓட்டையில் மற்ற உடலும் நுழைந்துவிடும்.

போன முறை ஒருவன் தன் மூக்கைக் கதவிடுக்கில் வைத்து அளந்துகொண்டிருந்தான்.