பிரிட்டனில் டிவி லைசென்ஸ் கடிதம் வந்தால் என்ன செய்வது?

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கங்களிலிருந்து நர்ஸ் வேலைக்காகப் பிரிட்டன் செல்லும் நம் பிள்ளைகள், வாடகை வீட்டில் குடியேறிய சில வாரங்களில், ‘லீகல் ஆக்குபையர்’ (சட்டப்படி குடியிருப்பவர்) என்று மட்டும் விலாசமிட்ட டிவி லைசென்ஸ் கடிதத்தைப் படமெடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கலங்குகிறார்கள். நம் ஊரில் தபால் நிலையத்தில் ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டிய காலம் 1980-களின் நடுவிலேயே முடிந்துவிட்டதால், டிவி பார்க்க ஆண்டுதோறும் கட்டும் இந்த லைசென்ஸ் கட்டணம் அவர்களுக்குப் புதிது.

முதலில், கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். அந்த விலாசத்தில் லைசென்ஸ் இல்லை என்று பதிவேடு காட்டுவதால்தான் அது வருகிறது. நீங்கள் குற்றம் செய்ததாக அதற்குப் பொருளில்லை.

அடுத்து, எதைப் பார்க்கிறீர்கள் என்று யோசியுங்கள். பலர் தவறுவது இங்கேதான். டிவி பெட்டியே இல்லை, போன் மட்டும்தானே என்று இருந்துவிடுகிறார்கள். ஆனால் நம் ஊரில் இரவு எட்டு மணிக்கு ஓடும் சீரியலை, அங்கே கோடைக்காலப் பிற்பகல் மூன்றரை மணிக்கு, ஒளிபரப்பாகும் அதே நேரத்தில் போனில் பார்த்தாலும் லைசென்ஸ் வேண்டும். சேனல் தமிழாக இருப்பது கணக்கில்லை. அதே சீரியலைப் பிறகு செயலியில் எடுத்துப் பார்த்தால் வேண்டாம். பிபிசியின் வீடியோ செயலியான ஐபிளேயருக்கு மட்டும் எப்போது பார்த்தாலும் வேண்டும். ரேடியோ லைசென்ஸ் அங்கே 1971-லேயே நீக்கப்பட்டுவிட்டது.

பிறகு வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள். வீட்டைப் பகிர்ந்து வசிக்கும் எல்லோரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் பொதுவாக வீட்டுக்கு ஒரு லைசென்ஸ் போதும். அறைக்கொரு ஒப்பந்தம் என்றால் அவரவர் தனியாக எடுக்க வேண்டியிருக்கும்.

தேவையென்றால் கட்டிவிடுங்கள். 2025 ஏப்ரலில் ஆண்டுக் கட்டணம் 174.50 பவுண்டானது, தவணையும் உண்டு. ஏய்த்தால் நீதிமன்றம் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். தேவையில்லையென்றால் அதை டிவி லைசென்ஸ் வழங்கும் அமைப்பின் இணையதளத்தில் அறிவித்துவிடுங்கள். அதன் பிறகும் சரிபார்க்க ஆள் வரலாம். நீதிமன்றத்தின் தேடுதல் ஆணை இல்லாதவரை அவரை வீட்டுக்குள் விட வேண்டிய கட்டாயமில்லை.

டிவி லைசென்ஸ் என்ற பெயரில் மோசடி மின்னஞ்சல்களும் உலவுவதால், அவற்றிலுள்ள இணைப்பைத் தொடாமல், இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே செல்லுங்கள்.

வீடு மாறினால் புதிய விலாசத்தைத் தெரிவியுங்கள். ஒரேயடியாக ஊர் திரும்புகிறவர்கள், கட்டிய பணத்தில் மீதமுள்ள முழு மாதங்களுக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம்.