ஆண் மார்பைக் குறைக்கும் ஆபரேஷன்: மயக்க ஊசி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்களுக்கு மார்பு பெருத்துப் போவதற்கு, அதாவது டாக்டர்கள் கைனகோமாஸ்டியா என்று சொல்வதற்கு, ஆபரேஷன் செய்துகொள்ள இப்போது நம் பக்கத்திலிருந்தும் நிறையப் பேர் போகிறார்கள். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, மயிலாடுதுறை என்று எல்லா ஊர்ப் பையன்களும் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறுகிறார்கள். நான் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க டாக்டருக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிற டெக்னீஷியன். வருகிறவர்கள் எந்த சர்ஜன், எவ்வளவு செலவு, தழும்பு தெரியுமா, எப்போது ஜிம்முக்குப் போகலாம் என்று எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரித்திருப்பார்கள். மயக்க மருந்தைப் பற்றி மட்டும் ஒன்றுமே கேட்டிருக்க மாட்டார்கள், இல்லையென்றால் கூட்டாளி சொன்னதை நம்பி முடிவே பண்ணிவிட்டு வந்திருப்பார்கள்.

இதற்கெல்லாம் வேர் கூச்சம்தான் என்று நினைக்கிறேன். ஆடிப்பெருக்குக்குப் படித்துறையில் எல்லாரும் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கும்போது தான் மட்டும் பனியனோடு நிற்கிற பையனுக்குத்தான் அந்த வலி தெரியும். அது நியாயமான வலி, அதில் யாரும் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கூச்சமே, யாருக்கும் தெரியாமல் காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிட வேண்டும் என்று ஆளைத் துரத்தும்போதுதான் மயக்க மருந்து விஷயத்தில் தப்புத் தப்பாக முடிவு எடுக்கிறார்கள்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். வயசுக்கு வருகிற பையன்களுக்கு மார்பு கொஞ்சம் திரள்வது சகஜம், பெரும்பாலும் ஓரிரண்டு வருஷத்தில் தானாகவே வடிந்துவிடும். பதினாலு வயசுப் பிள்ளையை அவசரப்பட்டு டேபிளில் ஏற்ற வேண்டாம். பெரியவர்களுக்கு என்றால் ஸ்பைரனோலாக்டோன் மாதிரி மாத்திரை, குடியால் கெட்ட ஈரல், ஜிம்மில் போட்ட ஸ்டீராய்டு ஊசி, அபூர்வமாக விதைப்பையில் கட்டி என்று பல காரணம் இருக்கலாம், அதைப் பார்த்த பிறகுதான் கத்தி.

சரி, மயக்கத்துக்கு வருவோம். முதல் தவறு, "எனக்கு மரத்துப்போற ஊசி மட்டும் போதும்" என்று தானே தீர்மானிப்பது. அந்த ஊசியில் சின்னதாக ஒரு சுரப்பியை எடுப்பதும், லேசான கொழுப்பை உறிஞ்சுவதும் நன்றாகவே செய்யலாம், நிறைய இடங்களில் செய்கிறார்கள். ஒரு லிட்டர் சலைனில் லிக்னோகெய்ன் என்ற மரக்கவைக்கும் மருந்தையும், ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலினையும் கலந்து தோலுக்கு அடியில் நிறையப் பாய்ச்சுவார்கள். மார்பு வெளுத்து, விறைத்து, சில்லென்று ஆகிவிடும், ரத்தக்கசிவும் குறையும். இந்த முறையை 1987-இல் எழுதி வெளியிட்டவர் ஜெஃப்ரி கிளைன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர். ஆனால் இரண்டு பக்கமும் பெரிதாக இருந்தால், சுரப்பி கெட்டியாக காம்புக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தால், தோலையும் வெட்டிச் சரிசெய்ய வேண்டியிருந்தால், அந்த ஊசி மட்டும் போதாமல் போகலாம். நெஞ்செலும்பு ஓரமும் மார்புக்கு அடியில் உள்ள மடிப்பும் லேசில் மரக்காத இடங்கள். பாதி ஆபரேஷனில் ஆள் வலி தாங்காமல் துள்ளினால் சர்ஜன் இன்னும் ஊசி, இன்னும் ஊசி என்று ஏற்ற வேண்டியிருக்கும், அந்த இடத்தில்தான் ஆபத்து.

ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். அட்ரினலின் சேர்த்த லிக்னோகெய்னை வழக்கமான முறையில் போட்டால் எடை கிலோவுக்கு 7 மி.கி. தான் வரம்பு. 70 கிலோ ஆளுக்கு 490 மி.கி. கடையில் கிடைக்கிற 2 சதவீத லிக்னோகெய்ன் 30 மி.லி. குப்பி ஒன்றில் 600 மி.கி. இருக்கிறது, அதாவது ஒரே குப்பியில் வரம்பு தாண்டிவிடும். மேலே சொன்ன நீர்த்த கரைசலில் மட்டும் கொழுப்புக்குள் மெதுவாக உறிஞ்சப்படுவதால் கிலோவுக்கு 35 மி.கி. வரை போகலாம் என்று வைத்திருக்கிறார்கள். எதை எவ்வளவு நீர்க்க வைத்தோம், இதுவரை மொத்தம் எவ்வளவு போயிருக்கிறது என்று ஒருவர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அளவு மீறினால் வாயைச் சுற்றி மதமதப்பு, நாக்கில் இரும்பு ருசி, காதில் இரைச்சல், அப்புறம் வலிப்பு, கடைசியில் இதயமே நின்றுபோகலாம். அதற்கு முறிவு மருந்து 20 சதவீதக் கொழுப்புக் குழம்பு, நரம்பு வழியாக ஏற்றுவது. நீங்கள் போகிற இடத்தில் அது கையிருப்பில் இருக்கிறதா என்று தாராளமாகக் கேளுங்கள். முகம் சுளிக்கிற இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது. "முழு மயக்கம் பயம், அரை மயக்கம் கொடுங்க, அதுதான் சேஃப்" என்பது. நரம்பில் மிடசோலம், ஃபென்டனில், புரோபோஃபால் மாதிரி மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, கூடவே மரத்துப்போகிற ஊசியும் போடுவதைத்தான் அரை மயக்கம் என்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் அரை மயக்கத்துக்கும் முழு மயக்கத்துக்கும் நடுவே சுவர் எதுவும் கிடையாது. ஒரே அளவு மருந்தில் ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார், இன்னொருவருக்கு நாக்கு பின்னால் சரிந்து மூச்சு அடைத்துவிடும். முழு மயக்கத்தில் மூச்சுக்கு ஒரு குழாய் இருக்கிறது, அரை மயக்கத்தில் அது இல்லை. அதனால் அரை மயக்கத்துக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும், அதைச் சர்ஜனே ஒரு கண்ணால் பார்த்துக்கொள்வேன் என்பது சரியில்லை. மயக்கத்துக்கென்றே ஒரு டாக்டர் தலைமாட்டில் இருக்க வேண்டும். தியேட்டரில் விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவியின் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? ஆக்சிஜன் குறையக் குறைய அந்தப் பீப் சத்தம் தொனி இறங்கிக்கொண்டே வரும், நாங்கள் ஸ்கிரீனைப் பார்க்காமலே காதால் பிடித்துவிடுவோம். அதிலும் ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்தால் மூச்சு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அது நல்ல எண்ணையே காட்டும். வெளிமூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடை அளக்கிற கேப்னோகிராஃப் இருந்தால்தான் உடனே தெரியும். முடி நட, முகத்துக்கு லேசர் போட என்று இருக்கிற கிளினிக்கில் இதையும் சேர்த்துச் செய்கிறோம் என்றால், இந்த இரண்டு கருவியும் மயக்க டாக்டரும் இருக்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி. பேக்கேஜ் விலை ஏன் அவ்வளவு குறைவு என்பதற்கும் பெரும்பாலும் அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

குறட்டை விடுகிறவர்கள் இதில் தனி ரகம். கழுத்து பருத்து, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி வழிகிறவர் என்றால் தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கலாம். அவருக்கு அரை மயக்கம் வசதியானது இல்லை. சொல்லிவிடுங்கள்.

முழு மயக்கத்தைப் பற்றிய பயம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. எழுந்திருக்கவே மாட்டோமோ, ஞாபகம் போய்விடுமோ, ஆண்மை குறைந்துவிடுமோ என்றெல்லாம் கேட்கிறார்கள். ஆரோக்கியமான ஆளுக்கு, முன்கூட்டியே திட்டமிட்ட ஆபரேஷனில், மயக்க மருந்தால் உயிர் போகிற வாய்ப்பு சுமார் லட்சத்தில் ஒன்று என்பது பிரிட்டன் மயக்க டாக்டர்கள் தங்கள் நோயாளிகளுக்குச் சொல்கிற கணக்கு. ஆண்மைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தொண்டைக் கரகரப்பு, குமட்டல், நடுக்கம் வரும், போகும். பெரிய மார்பு, நீண்ட நேர ஆபரேஷன் என்றால் முழு மயக்கம்தான் பல நேரம் நிதானமான வழி. கூடவே விலாப் பக்கத் தசைகளுக்கு நடுவில் ஸ்கேன் பார்த்து ஊசி போட்டு நரம்பை மரக்கவைத்தால், விழித்த பிறகு வலி ரொம்பக் குறையும்.

"முதுகுல ஒரு ஊசி போட்டுட்டா போதும்ல?" என்று கேட்பவர்களும் உண்டு, வீட்டில் சிசேரியனோ குடலிறக்கமோ பார்த்த அனுபவம். அந்த ஊசி வயிற்றுக்கும் காலுக்கும் ஆனது. மார்பு வரை அதை ஏற்றினால் மூச்சுத் தசையையும் இதயத் துடிப்பையும் தொட்டுவிடும். நெஞ்சு மட்டத்தில் எபிடூரல், அதாவது தண்டுவட உறைக்கு வெளியே மருந்து விடுகிற ஊசி, போட்டுச் செய்வது சில இடங்களில் உண்டு, அது வேறு.

இப்போது என்னை ரொம்ப வருத்தப்படுத்துகிற தவறு, மறைப்பது. மயக்க டாக்டரின் அறையில் அப்பாவோ மாமாவோ பக்கத்தில் இருந்தால் பையன் வாயே திறக்க மாட்டான். குடிப்பழக்கம் இல்லை, புகை இல்லை, எதுவும் இல்லை. வாரம் முழுக்கக் குடிக்கிறவருக்கு மயக்க மருந்து கூடுதலாகத் தேவைப்படும், திடீரென்று நிறுத்தினால் இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கி உளற ஆரம்பித்துவிடுவார். கஞ்சாவும் மருந்தின் அளவை மாற்றும். ஜிம் ஸ்டீராய்டு ரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் ஈரலையும் கெடுத்து வைத்திருக்கும், மார்பு பெருத்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். சிகரெட்டைக் குறைந்தது நாலு வாரம் முன்பே விட்டால்தான் நுரையீரல் தேறும், காம்பைச் சுற்றிய தோலுக்கும் ரத்தம் ஒழுங்காகப் போகும். அப்பா முன்னால் சொல்ல முடியாதென்றால், "டாக்டர்கிட்ட தனியா ஒரு நிமிஷம் பேசணும்" என்று சொல்லுங்கள், அவர்களே மற்றவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

பாக்குப் போடுவதை யாரும் பழக்கம் என்றே சொல்வதில்லை. கும்பகோணம் கொழுந்து வெற்றிலை ஊர் இது, வெற்றிலையை விடுங்கள், அதோடு போகிற பாக்கும், பொட்டலத்தில் வருகிற ஹான்ஸும் குட்காவும்தான் பிரச்சினை. மயக்க டாக்டர் வாயை அகலத் திறக்கச் சொல்லி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் உங்கள் விரலை நிறுத்தி வைக்கச் சொல்வார். மூன்று விரல் நுழைய வேண்டும். வருஷக்கணக்காகப் பாக்கு மென்றவர்களுக்குக் கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, நார் நாராக இறுகி, ஒரு விரல் நுழைவதே பாடாக இருக்கும். அப்படிப்பட்டவர் மயங்கிய பிறகு வாய் வழியாகக் குழாய் போட முடியாது. முன்பே தெரிந்தால் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக கேமரா வைத்து நிதானமாகப் போடுவார்கள். மயங்கின பிறகு தெரிந்தால் ஒவ்வொரு நொடியும் கண்டம்.

மாத்திரைகளைக் கவரோடு எடுத்துக்கொண்டு போங்கள். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்கள் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், எடை குறைக்க வாராவாரம் போடுகிற செமாகுளுடைட் ஊசி வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். ஆஸ்பிரின், நாட்டு மருந்து, லேகியம், புரோட்டீன் பவுடர் எல்லாமே சேர்த்திதான். எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம், கேட்டுச் செய்யுங்கள். குடும்பத்தில் யாருக்காவது மயக்கத்தில் காய்ச்சல் கொதித்து ஏறியது, உடம்பு விறைத்தது, காரணம் தெரியாமல் இறந்தது என்று கதை இருந்தால் அதையும் சொல்ல வேண்டும், அது பரம்பரையாக வருகிற கோளாறாக இருக்கலாம். வீட்டுக்குத் தெரியாமல் வருகிறவருக்கு இந்தக் கேள்விக்குப் பதிலே தெரியாது என்பதையும் யோசியுங்கள்.

வெறும் வயிறு விஷயம். "ரெண்டு இட்லிதானே", "பால் ஒரு டம்ளர்தானே" என்று அம்மாக்கள் பாசத்தில் கொடுத்து அனுப்புவார்கள். இட்லிக்கும் பாலுக்கும் 6 மணி நேரம், முந்தின ராத்திரி பரோட்டா, பிரியாணி என்றால் 8 மணி நேரம். டிகிரி காபி பால் கணக்கில்தான் சேரும். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது எதுக்களித்து நுரையீரலுக்குள் போனால் அது சாதாரண நிமோனியா இல்லை. அரை மயக்கத்துக்கும் இதே விதிதான். ஆனால் இதற்கு நேர்மாறாக, ராத்திரி எட்டு மணியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் சித்திரை வெயிலில் பஸ்ஸில் வந்து வாடி நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். வெறும் தண்ணீரை ஆபரேஷனுக்கு 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம் என்பதுதான் பொதுவான விதி, உங்கள் டாக்டர் வேறு சொன்னால் தவிர. கிளம்பும்போது வெள்ளி அரைஞாணையும் மோதிரத்தையும் வீட்டிலேயே கழற்றிவைத்துவிடுங்கள். ரத்தம் நிறுத்த மின்சாரக் கருவி பயன்படுத்துவார்கள், உலோகம் பட்ட இடத்தில் தோல் சுட்டுவிடலாம்.

கடைசியாக, தனியாக வந்து தனியாகத் திரும்புவது. பைக்கில் வந்து பைக்கிலேயே போகிறேன் என்பார்கள். அரை மயக்கமோ முழு மயக்கமோ, 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, குடிக்கக் கூடாது, ஒரு பெரிய ஆள் கூடவே இருக்க வேண்டும். தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் பக்கம் போக வேண்டியவர் என்றால் பஸ்ஸில் மூன்று மணி நேரம் ஆகும், அவர் அன்று ராத்திரி ஆஸ்பத்திரியிலோ பக்கத்தில் லாட்ஜிலோ தங்கிவிடுவதே மேல். வீட்டில் எல்லாருக்கும் சொல்ல வேண்டாம், அண்ணனோ அக்காவோ ஒரு நண்பனோ, ஒரே ஒருத்தருக்குச் சொன்னால் போதும். அந்த ஆள் எதைப் பார்க்க வேண்டும் என்றால்: நீர்த்த கரைசலில் போட்ட லிக்னோகெய்ன் ரத்தத்தில் உச்சத்துக்குப் போவது சுமார் 12 மணி நேரம் கழித்து, அதாவது காலையில் ஆபரேஷன் என்றால் ராத்திரியில். வாய் மதமதப்பு, உளறல், அதிக மயக்கம் இருந்தால் தூக்கம் என்று விட்டுவிடக் கூடாது. ஒரு பக்க மார்பு மட்டும் திடீரென்று கல் மாதிரி வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம், ஆபரேஷனுக்குப் பிறகு போட்டுவிடுகிற இறுக்க பனியனைத் தளர்த்திப் பார்த்துக்கொண்டு உட்காராமல் உடனே கிளம்ப வேண்டும். மூச்சு வாங்கினாலும் அப்படித்தான், ஊசி நுரையீரல் உறையைத் தொட்டிருக்கவும் கூடும். டிஸ்சார்ஜ் சீட்டில் ராத்திரியில் எடுக்கிற போன் நம்பர் ஒன்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து, ஆஸ்பத்திரியை விட்டு இறங்குவதற்கு முன்பே அந்தக் கூட வந்தவர் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடட்டும். அப்புறம், 108.