அலாரம் வைத்துத் தோட்டம் போடுவோம்: புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகும் வலியோடு இருப்பவர்களுக்கு

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து இரண்டு வருடமாகியும் தோள்வலி போகவில்லை. விரல்களும் மரத்தே இருந்தன. மாடியில் கீரை போட ஆசைப்பட்டு, முதல் நாளே ஒரு மணி நேரம் மண் கிளறினார். அடுத்த மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. அப்புறம் நாங்கள் மாற்றிக்கொண்ட முறை இது.

முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில் மண்ணும் மக்கிய உரமும் வேண்டாம். அவற்றிலுள்ள பூஞ்சைகள் நுரையீரலைத் தாக்கலாம்.

அடுத்து, ஒரு பழைய மேசை. அதன்மேல் அகலமான, ஆழம் குறைந்த தொட்டியை வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி, கையைத் தோளுக்கு மேல் தூக்காமல் வேலை செய்ய முடிய வேண்டும். குனியவோ குந்தவோ கூடாது.

செம்மண் கனம். அதனால் ஊறவைத்த தென்னைநார்த் தூள் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு போதும். தூசி பறக்காமல் ஈரமாகவே கலக்குங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். தொட்டியைத் தூக்குவது வீட்டில் வேறு யாராவது செய்யட்டும்.

கையுறை கட்டாயம். பாக்லிடாக்சல் போன்ற கீமோதெரபி மருந்துகளால் மரத்த விரலில் முள் குத்தினாலும் தெரியாது. அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால், அந்தக் கையில் சின்னக் கீறலும் தொற்றாகி வீங்கலாம். ஆகவே ரோஜா, எலுமிச்சை வேண்டாம். கீறினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

தொடங்க வெந்தயம்தான் நல்லது. முளைக்கீரை, அரைக்கீரை விதைகள் கடுகைவிடப் பொடி, மரத்த விரலில் நிற்காது. வெந்தயத்தை இரவு ஊறவைத்துத் தூவி, மேலே மெல்லிய அடுக்காகக் கலவையைப் போடுங்கள். நாலைந்து நாளில் முளைக்கும், 25 நாள் வாக்கில் கிள்ளலாம். பக்கத்தில் இரண்டு புதினாத் தண்டு ஊன்றுங்கள்.

இனி முக்கியமானது: அலாரம். பத்து நிமிடம் வையுங்கள். அடித்ததும், வலியே இல்லாவிட்டாலும் எழுந்துவிடுங்கள். வலிக்கும் வரை செய்தால் அதற்குள் அளவு தாண்டியிருக்கும். ஒரு வாரம் மறுநாள் வலி கூடாமல் இருந்தால் இரண்டு நிமிடம் சேர்க்கலாம். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். கதிர்வீச்சு பட்ட தோலில் வெயில் படாமல் மூடிக்கொள்ளுங்கள்.

வலி அதிகமான நாளில் வேலையே கிடையாது. அன்று தண்ணீர் ஊற்றுவது நான். அக்கா நாற்காலியில் சாய்ந்து, ஒரு புதினா இலையைக் கசக்கி முகர்ந்துகொண்டிருப்பார்.