தனியாகத் துடுப்பிட்டுப் பெருங்கடல் கடப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. துடுப்பில் ஆர்வம் கொண்ட நம் இளைஞர்களுக்கு அருகில் இருப்பவை ஏற்காடு ஏரியும் மேட்டூர் நீர்த்தேக்கமுமே. அங்கே பெற்ற கைப்பழக்கமும் தோள்வலிமையும் பெருங்கடலுக்குப் போதும் என்று நம்புவதே முதல் தவறு. ஏரியில் களைத்தால் கரையேறிவிடலாம். அட்லாண்டிக்கிலோ நாம் உறங்கும் நேரத்திலும் காற்றும் நீரோட்டமும் படகை இழுத்துச் சென்றுகொண்டே இருக்கும்.

எனவே, பருவத்தையும் திசையையும் பிழையாகத் தேர்ந்தால் எந்த உழைப்பாலும் அதை ஈடுகட்ட முடியாது. அமெரிக்கரான டோரி முர்டென் 1998இல் வட கரோலினாவிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டு, டேனியல் சூறாவளியில் படகு பலமுறை கவிழ, மீட்கப்பட்டார். மறு ஆண்டு, ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பாலுள்ள கேனரி தீவுகளிலிருந்து மேற்கு நோக்கி, பின்னிருந்து வீசும் காற்றின் துணையோடு 81 நாட்களில் கரீபியத் தீவான குவாதலூப்பை அடைந்து, அட்லாண்டிக்கைத் தனியாகத் துடுப்பிட்டுக் கடந்த முதல் பெண்ணானார். இந்த வழியில் செல்வோர் பலர், சூன் முதல் நவம்பர் வரையிலான சூறாவளிக் காலம் கழிந்த பிறகே கிளம்புகிறார்கள். எதிர்க்காற்று வீசும் நாட்களில், குடை போல் நீருக்குள் விரியும் கடல் நங்கூரத்தை இறக்கத் தயங்கினால், பகலெல்லாம் கடந்த தொலைவை ஓரிரவிலேயே இழக்க நேரிடும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானதாக நான் கருதுவது, படகில் உறங்குவதற்கு உள்ள சிறு அறையின் கதவைத் திறந்து வைப்பதுதான். இவ்வகைப் படகு கவிழ்ந்தால் தானாக நிமிர்வதற்குக் காரணம், இரு முனைகளிலும் உள்ள மூடிய அறைகளில் அடைபட்டிருக்கும் காற்று. கதவு திறந்திருந்து அறையில் நீர் புகுந்துவிட்டால் படகு தலைகீழாகவே கிடந்துவிடக்கூடும். வெப்பமண்டலத்தில் அந்தச் சிறு அறைக்குள் புழுக்கம் தாங்க முடியாது என்பது உண்மையே. ஆயினும் கடல் சற்றே கொந்தளித்தாலும் கதவை அடைத்துவிட வேண்டும். அதுபோலவே, இடுப்பில் பாதுகாப்புக் கயிறு இல்லாமல் மேல்தளத்திற்கு வரவே கூடாது. ஆளில்லாத படகு காற்றோடு விலகும் வேகத்திற்கு நீந்தி ஈடுகொடுக்க முடியாது.

மாற்றுக் கருவிகளில் சிக்கனம் பார்ப்பதும் பெரும் பிழை. இங்கிலாந்தைச் சேர்ந்த ராஸ் சாவேஜ் 2005-06இல் கேனரியிலிருந்து கரீபியத் தீவான ஆன்டிகுவாவுக்குச் சென்றபோது அவருடைய நான்கு துடுப்புகளும் உடைந்தன. செயற்கைக்கோள் தொலைபேசியும் செயலிழந்தது. உடைந்த துடுப்புகளுக்கு ஒட்டுப்போட்டே அவர் 103 நாட்களில் கரை சேர்ந்தார். ஆகவே, விரைவாகச் சென்றவரின் நாட்கணக்கை வைத்து உணவை அளந்து எடுத்துச் செல்லக் கூடாது. கடல்நீரை நன்னீராக்கும் மின்கருவியோடு கையால் இயக்கும் ஒன்றும் அவசியம்.

உப்பினால் உண்டாகும் தோல்புண்ணைச் சிறிதென்று விடுவோர் பலர். அமர முடியாமற்போனால் துடுப்புப் போட இயலாது. ஒவ்வொரு முறை துடுப்பிட்ட பின்னும் நன்னீரால் உடலைத் துடைத்து உலர்த்துவதைப் பயிற்சிக் காலத்திலேயே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.