அடுத்த மெஷின் வாங்கும் முன்: வீட்டில் தைப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

ப்ளவுஸ், சுடிதார் தைக்கப் பழகியவர்கள் ஓரளவு கை தேறியதும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, அடுத்து எந்த மெஷின் வாங்கலாம்?" எண்ணெய் விடுவது, நூல் கோர்ப்பது எல்லாம் அவர்களுக்கே தெரியும். காசு வீணாகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

சுருக்கம் விழுகிறது என்று பவர் மெஷின் வாங்குவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. கிரேப் துணியில் தையல் சுருங்குகிறது என்று பக்கத்து வீட்டுப் பெண் நகையை அடகு வைத்து, பழைய பவர் மெஷின் (தையல் ஆலைகளில் ஓடும் வேகமான மோட்டார் மெஷின்) ஒன்றை வாங்கி வந்தாள். அதிலும் அதே சுருக்கம். போய்ப் பார்த்தால் 16ஆம் நம்பர் ஊசி, மேல் நூல் டென்ஷனும் இறுக்கம். 11 போட்டு டென்ஷனைத் தளர்த்தியதும் தையல் படிந்துவிட்டது. அவளுடைய பழைய மெஷினிலும் 16தான் கிடந்தது!

மெல்லிய துணிக்கு 11, சாதாரண காட்டனுக்கு 14, ஜீன்ஸுக்கு 16. பனியன் துணி, லைக்ரா என்றால் முனை உருண்ட பால்பாயின்ட் ஊசி. இல்லையென்றால் தையல் விட்டு விட்டு விழும்.

நாள் முழுக்க ஆர்டர் தைப்பவர்களுக்குப் பவர் மெஷின் வேண்டும்தான். ஆனால் வழக்கமாக விற்கும் பவர் மெஷினில் நேர்த்தையல் மட்டுமே வரும், ஜிக்ஜாக் கிடையாது. வீட்டு மெஷின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டை, பவர் மெஷின் ஊசிக்கு முழு உருண்டை. கையிலிருக்கும் ஊசிகள் உதவாது. பழைய கிளட்ச் மோட்டாராக இருந்தால் நீங்கள் துணியைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதும் இரைந்துகொண்டே ஓடும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் சர்வோ மோட்டார் பாருங்கள். மிதித்தால்தான் ஓடும், வேகத்தையும் குறைத்து வைக்கலாம்.

இஸ்திரியைக் கடைசிக்குத் தள்ளுவது

ஒவ்வொரு தையலையும் தேய்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கை, பட்டி எல்லாம் வைத்து முடித்த ப்ளவுஸில் டார்ட் (உடல் வளைவுக்காகப் பிடிக்கும் மடிப்புத் தையல்) முனையை அப்புறம் படிய வைப்பது பெரும்பாடு. மெஷினுக்குச் சேர்த்த பணத்தில் முதலில் நல்ல ஸ்டீம் அயர்ன் வாங்குங்கள்.

துணிக் கத்தரிக்கோலால் பேப்பர் வெட்டுவது

கூடாது. வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

ஓவர்லாக் வந்ததும் எல்லாவற்றையும் அதில் ஓட்டுவது

ஓவர்லாக் என்பது துணி ஓரம் பிரியாமல் நூலால் பின்னும் மெஷின். அதிலுள்ள கத்தி ஓரத்தை வெட்டிக்கொண்டே போகும். பின்னால் பிரித்துக்கொள்ள என்று ப்ளவுஸின் பக்கத் தையலில் விட்ட துணி அதோடு போய்விடும். பக்கங்களைச் சேர்ப்பதற்கு முன்பே முன்பாகம், பின்பாகம் இரண்டுக்கும் தனித்தனியாக ஓரம் அடித்துவிட்டால், உள்ளே விட்ட துணி அப்படியே இருக்கும்.