ஈசிஆர்ல ராமேஸ்வரம் வரைக்கும் போறவங்க பண்ற தப்புங்க

சென்னையிலேருந்து ஈசிஆர்ல, அதாவது கெழக்கு கடற்கரைச் சாலையில, கடலோரமாவே ராமேஸ்வரம், சில தடவை தூத்துக்குடி வரைக்கும் கார்ல போயிட்டு வர்றது எங்க செட்டுக்கு வருஷா வருஷம் நடக்குற விஷயம். வழியில சிதம்பரம், நாகப்பட்டினம், மல்லிப்பட்டினம் பக்கம், ராமநாதபுரம்னு ஊருக்கு ஒரு ஃப்ரெண்டு இருக்காங்க. தெரிஞ்சவங்க கெளம்பும்போதெல்லாம் "ரூட் சொல்லு"ன்னு தான் கேக்குறாங்க. ரூட்டுல பெருசா தப்பு நடக்கறதில்ல, நேரத்துலயும் சாப்பாட்டுலயும் தான் நடக்குது.

மொத விஷயம் மேப். சென்னை டு ராமேஸ்வரம்னு போட்டா அது உங்கள திருச்சி வழியா தான் அனுப்பும், அது தான் சீக்கிரமான வழி. கடலோரமா போகணும்னா பாண்டி, சிதம்பரம், நாகப்பட்டினம், முத்துப்பேட்டை, மீமிசல், தொண்டின்னு ஒவ்வொரு ஊரா நீங்களே போட்டுக்கணும். பாண்டி வரைக்கும் 150 கிலோமீட்டர், மூணு மணி நேரத்துல போயிடலாம், அந்த வேகத்த வச்சு மிச்ச தூரத்தையும் கணக்கு போடுறாங்க பாருங்க, அங்க தான் எல்லாம் கெட்டுப்போகுது. நாகைக்கு தெக்க பல எடத்துல ரோடு ரெண்டு வழி தான், ஊருக்குள்ள பூந்து பூந்து போகும், அறுவடை நேரமா இருந்தா பாதி ரோட்டுல நெல்லு காயப்போட்டு கல்லு அடுக்கி வச்சிருப்பாங்க, அது மேல ஏத்தாம ஒதுங்கி தான் போகணும், அது அவங்க ஒரு போகத்து உழைப்பு. நாகையிலேருந்து ராமேஸ்வரத்துக்கு ஒரு முழு பகல் வச்சுக்கோங்க, இருட்டுனதுக்கு அப்பறம் அந்தப் பக்கம் ஓட்டவே ஓட்டாதீங்க. தொண்டி, தேவிபட்டினம் பக்கமெல்லாம் ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம் தான், வெளக்கே கெடையாது, மாடு நடுரோட்டுல படுத்திருக்கறது பக்கத்துல போனா தான் தெரியும். ஆகஸ்ட் கடைசியில இன்னும் கவனமா இருக்கணும். வேளாங்கண்ணில ஆகஸ்ட் 29 கொடியேத்தம், செப்டம்பர் 8 திருவிழா, அதுக்கு சென்னையிலேருந்தே காவி கட்டிக்கிட்டு கொழந்தைங்களோட ரோட்டோரமா ராத்திரி முழுக்க நடந்து போயிட்டு இருப்பாங்க.

அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் மழை, புயல், கடலூர் பக்கம் வெள்ளம். ஜனவரி, பிப்ரவரி தான் சரியான மாசம்.

இப்ப ஃப்ரெண்டு வீட்டு விஷயத்துக்கு வர்றேன், எனக்கு இது தான் முக்கியம். ஒரு தடவ மல்லிப்பட்டினம் பக்கத்துல இருக்கற ஃப்ரெண்டுகிட்ட "மதியத்துக்கு வந்துடுவோம்டா"ன்னு சொல்லிட்டு கெளம்பினோம். சிதம்பரத்துல லேட்டு, அப்பறம் தரங்கம்பாடில டேனிஷ்காரங்க 1620ல கட்டுன கோட்டைய பாக்காம எப்பிடி போறதுன்னு அங்க ஒரு மணி நேரம், திருத்துறைப்பூண்டி வரும்போது பசி தாங்கல, அங்கயே பிரியாணி சாப்ட்டுட்டு அவன் வீட்டுக்கு போய் சேரும்போது நாலேகால் மணி. அவங்க அம்மா காலைல கரையில ஏலத்துல நண்டு எடுத்துட்டு வந்து மண்சட்டில கொழம்பு வச்சிருந்தாங்க. ஆளுக்கு ஒண்ணா வாழ எலை அறுத்து, கழுவி, மொறத்துல கவுத்து வச்சிருந்தாங்க, மதியத்துலேருந்து இருந்ததால ஓரமெல்லாம் வாடி சுருண்டு போயிருந்துச்சு. "சாப்ட்டு வந்துட்டீங்களா தம்பி"ன்னு மட்டும் கேட்டாங்க. வீட்டுல யாருமே அதுவரைக்கும் சாப்பிடல. அந்த எலைய என்னால இன்னும் மறக்க முடியல.

அதனால சொல்றேன், "மதியம் வர்றோம்"னு மொட்டையா சொல்லாதீங்க. ஒரு நாளைக்கு ஒரு வீட்டுல தான் சாப்பாடுன்னு வச்சுக்கோங்க, மத்த வீட்டுக்கு டீ நேரத்துல போங்க. எத்தன பேரு, யாரு கறி மீன் சாப்பிட மாட்டாங்க, யாராச்சும் மாலை போட்டிருக்காங்களான்னு மொத நாளே சொல்லிடுங்க. ரெண்டு ஊரு முன்னாடி வரும்போது ஒரு போன், லேட்டாகும்னு தெரிஞ்ச ஒடனே இன்னொரு போன், "நீங்க சாப்பிடுங்கம்மா, எங்களுக்கு எடுத்து வைங்க போதும்"னு வாயத் தெறந்து சொல்லணும், சொல்லலன்னா அவங்க காத்துட்டு தான் இருப்பாங்க. ராத்திரி தங்கறதையும் அங்க போய் முடிவு பண்ணாதீங்க. "தங்கிட்டு தான் போகணும்"னு மனசார தான் கூப்பிடுவாங்க, ஆனா ரெண்டு ரூம் வீட்டுல நாலு பேரு போய் படுத்தா அந்த வீட்டு பொம்பளைங்க அடுப்படியில தான் பாய் போடணும். வேளாங்கண்ணிலயோ ராமநாதபுரத்துலயோ ரூம் போட்டாச்சுன்னு முன்னாடியே சொல்லிட்டா அவங்களுக்கும் சங்கடம் இல்ல.

மீன்பிடி தடைக்காலத்த பத்தி சென்னைல பாதி பேருக்கு தெரியறதே இல்ல. கெழக்கு கடற்கரையில ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும், மொத்தம் 61 நாளு, மீன் குஞ்சு பொரிக்கற காலம்னு விசைப்படகு கடலுக்கு போகாது. நாட்டுப்படகு, ஃபைபர் போட் மட்டும் தான் போகும். ஸ்கூல் லீவும் சரியா அதே நேரம்கிறதால எல்லாரும் மே மாசம் மீன் சாப்பிடணும்னு கெளம்பிடுறாங்க. அப்ப ஹோட்டல்ல கெடைக்கறது பெரும்பாலும் ஐஸ் மீனு, இல்லன்னா கேரளா பக்கத்துலேருந்து வர்றது, வெலையும் தாறுமாறா இருக்கும். ஹோட்டல விடுங்க, உங்க ஃப்ரெண்டு விசைப்படகுல போற ஆளா இருந்தா அந்த ரெண்டு மாசம் அவருக்கு வருமானமே இல்ல. அப்பவும் நீங்க வர்றீங்கன்னு கடன வாங்கியாச்சும் பெரிய மீனு எடுத்துடுவாரு. மே மாசம் போறதா இருந்தா "கருவாட்டுக் கொழம்பு தான் வேணும், வேற எதுவும் வேணாம்"னு நீங்களே முந்திக்கிட்டு கேட்டுடுங்க. ராமேஸ்வரம் பக்கம் இன்னொண்ணு, அங்க விசைப்படகு வாரத்துல மூணு நாள் தான் போகும், திங்கள், புதன், சனி, மறுநாள் காலைல தான் கரைக்கு வரும். அப்ப செவ்வாய், வியாழன், ஞாயிறு மதியம் தான் அங்க நல்ல மீன் சாப்பாடு.

ஹோட்டல்ல உக்காந்த ஒடனே எல்லா ஊருலயும் வஞ்சிரம் வறுவல்னு சொல்றதும் ஒரு தப்பு தான். தெக்க போகப்போக அது சீலாவாயிடும், கன்னியாகுமரி போனா நெய்மீன், சென்னைல கடம்பான்னு சொல்றத அங்க கணவாய்னு தான் சொல்வாங்க. "இன்னைக்கு என்ன வந்துச்சு?"ன்னு கேளுங்க. ஊளி, பாறை, வெளமீனுன்னு என்னத்த சொல்றாங்களோ அத வாங்குங்க, வெலையும் கம்மி, புதுசாவும் இருக்கும். மகாபலிபுரம் பக்கம் மீன தட்டுல கொண்டாந்து காட்டி எடை போட்டு வெல சொல்ற கடைல, சுத்தம் பண்றதுக்கு முன்னாடி எடையா பின்னாடி எடையான்னு கேட்டுட்டு தலையாட்டுங்க.

நேரமும் பாக்கணும். மெஸ்ஸுல மூணு மணிக்கு மேல மீன் கொழம்பு தீந்துடும், முத்துப்பேட்டை தாண்டி ராமநாதபுரம் வரைக்கும் அதுக்கப்பறம் டீயும் பன்னும் தான். வெள்ளிக்கெழம மதியம் அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை மாதிரி ஊருங்கள்ல ஜும்மாவுக்காக கடையெல்லாம் சாத்தியிருக்கும், ரெண்டு மணிக்கு மேல போங்க. ரம்ஜான் மாசம்னா பகல்ல சாப்பாடு கெடைக்காது, ஆனா சாயங்காலம் நோன்புக் கஞ்சி வாங்கி குடிக்க குடுத்து வச்சிருக்கணும். கீழக்கரைல தொதல் வாங்காம வராதீங்க, தேங்காப்பால்ல கிண்டிக் கிண்டி எறக்குற அல்வா மாதிரி இனிப்பு, நாலஞ்சு நாள் வச்சு சாப்பிடலாம். தூத்துக்குடி போனா பொரிச்ச பரோட்டா சாயங்காலத்துக்கு மேல தான், மதியம் போய் தேடி அலையாதீங்க. சிதம்பரம் கோயிலும் மதியம் நடை சாத்திடுவாங்க.

பாண்டி, காரைக்கால் ரெண்டுலயும் பெட்ரோல் வெல கம்மி, ரொப்பிக்கோங்க. அங்கேருந்து சரக்கு பாட்டில் மட்டும் எடுத்துட்டு தமிழ்நாட்டு எல்லைய தாண்டாதீங்க, செக்போஸ்ட்டுல மாட்டுனா ட்ரிப் அத்தோட முடிஞ்சுது.

நாகப்பட்டினம் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். 2004 டிசம்பர் 26 சுனாமில அந்த மாவட்டத்துல மட்டும் 6000 பேருக்கு மேல போயிட்டாங்க. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் யாரு வீட்டுக்கு போனாலும் செவுத்துல ஒரு ஃபோட்டோவுக்கு மாலை போட்டிருக்கும். சாப்பிட்டுட்டே "உங்க வீட்டுல யாராச்சும் போனாங்களா"ன்னு கேக்குறவங்கள நான் பாத்திருக்கேன். கேக்காதீங்க. அவங்களா சொன்னா கைய கழுவிட்டு வந்து உக்காந்து முழுசா கேளுங்க.

பாம்பன் பாலத்துல வண்டிய நிறுத்தி ஃபோட்டோ எடுக்கறதையும் விட்டுடுங்க, பின்னாடி பஸ்ஸு வரும், காத்து வேற ஆள தள்ளும். தனுஷ்கோடிக்கு சாயங்காலத்துக்கு மேல வண்டிய விட மாட்டாங்க, அதனால காலைலயே போயிடுங்க, அங்க ரோடு முடியற அரிச்சல்முனைல தண்ணிக்குள்ள எறங்காதீங்க, அங்க நீரோட்டம் மோசம்.

கெளம்பும்போது டிக்கில கொஞ்சம் எடம் விட்டு வைங்க. திரும்பி வரும்போது ஒவ்வொரு வீட்டுலயும் தேங்கா, கருப்பட்டி, கருவாடுன்னு ஒரு பை நீட்டுவாங்க, "எதுக்கும்மா இதெல்லாம்"னு தள்ளக்கூடாது, வாங்கிக்கணும். கருவாட்ட நியூஸ்பேப்பர்ல ரெண்டு சுத்து சுத்தி மூடி இருக்கற எவர்சில்வர் தூக்குல வச்சுட்டா சென்னை வர்ற வரைக்கும் வாடையே வராது.