கண்ணீர் வடியும் வழியை எம்.ஆர்.ஐ.யில் பார்ப்பது எப்படி?

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலைக் கடற்கரையில் யாருக்குத்தான் கண் கலங்காது? ஆனால் என் பெரியம்மாவுக்குக் கதவைச் சாத்திவிட்டு இருந்தாலும் இடக்கண் மட்டும் வழிந்துகொண்டே இருந்தது. டொக்டர் கண்ணீர் வழியைப் பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கானை, அதாவது பலமான காந்தத்தால் உடலின் உள்ளே படம் எடுப்பதை, எழுதித் தந்தார்.

1. முதலில் வழியைப் பாருங்கள்
கண்ணாடி முன் நின்று, கீழிமையை மூக்கோரமாக மெல்லப் பிதுக்குங்கள். ஊசிமுனை அளவில் ஒரு துளை தெரியும். மேலிமையிலும் ஒன்று உண்டு. துளையிலிருந்து சுமார் 10 மில்லிமீற்றர் நீள நுண்குழாய், அப்புறம் கண்ணீர்ப் பை, அதிலிருந்து மூக்குக்குள் இறங்கும் குழாய். கண்ணுக்கு மருந்து விட்டால் தொண்டையில் கசக்கிறதே, அது இந்த வழியாக வந்ததுதான்.

பழைய முறையில் அந்தத் துளைக்குள் மெல்லிய குழாயைச் செருகி, எக்ஸ்ரேயில் தெரியும் அயோடின் மருந்தைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். அழுத்தித் தள்ளுவதால், தானாக வடியாத வழியும் திறந்திருப்பதுபோலத் தெரியக்கூடும். எம்.ஆர்.ஐ.யில் கண்ணில் வெறும் சொட்டு விடுவதுதான், எக்ஸ்ரே கதிர்வீச்சும் இல்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

2. போகுமுன்
கண் மை, மஸ்காரா எல்லாவற்றையும் கழுவுங்கள்; சிலவற்றில் இரும்புத் துகள் இருக்கும். நகை, சேலை ஊசி கழற்ற வேண்டும். இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி உடலில் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கம் படகுக்கு வெல்டிங், கிரைண்டிங் செய்தவரா? கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் பட்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், காந்தம் அதை அசைத்துவிடும். கடும் தடிமன் இருந்தாலும் சொல்லுங்கள்: மூக்குச்சளியும் படத்தில் வெள்ளையாகத்தான் தெரியும்.

3. ஸ்கான் அறையில்
மல்லாந்து படுத்ததும் கிருமியற்ற உப்புநீரைச் சில நிமிடங்களுக்குப் பல தடவை சொட்டுச் சொட்டாக விடுவார்கள். சில இடங்களில் நீர்த்த கடோலினியம் (எம்.ஆர்.ஐ. படத்தில் பளிச்சென்று தெரியும் மருந்து) விடுவதும் உண்டு. அந்த நேரம் வழமைபோல இமையுங்கள். கண்ணீரை உள்ளே இழுக்கும் பம்பே இமைப்புத்தான். படம் எடுக்கத் தொடங்கியதும் கண்ணை மூடி, விழியை உருட்டாமல் கிடக்க வேண்டும். சத்தம் பலமாக இருக்கும், காதடைப்பான் தருவார்கள்.

4. படம்
தண்ணீர் மட்டும் பளிச்சென்று தெரியும்படி எடுப்பார்கள். எலும்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்க, எக்ஸ்ரேயால் எடுக்கும் சி.டி. ஸ்கான்தான் சரி.

பெரியம்மாவின் வலப்பக்கத்தில் வெள்ளை நூல் ஒன்று மூக்குவரை இறங்கியிருந்தது. இடப்பக்கத்தில் பை மொச்சைக்கொட்டைபோல உப்பியிருந்தது. அதற்குக் கீழே கறுப்புத்தான். டொக்டர் பேனா முனையை அந்த இடத்தில் வைத்து, “அம்மா, இங்கதான் நிக்குது” என்றார்.